மூன்றாவது கம்பி

சுவரில் துளை போட்டு முடித்ததும், கண்ணிமையில் அப்பியிருந்த சிமெண்டுத் தூசியைச் சுயூன் தோளில் தேய்த்துத் துடைத்தான். ஆறு கடந்து வரும் அனல்காற்று மணலை வாரி ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. பக்திகுல்லின் சமையலறையில் சூடு இன்னும் மோசம். மூலையில் இடுப்புயர இரும்பு மெஷின் மாவு பிசைந்துகொண்டிருந்தது. அந்த மாவில்தான் அவள் பின்முற்றத்துத் தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டுத் தெருவுக்கே விற்றாள். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன்; வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம்.

"என்னக்கா, இந்த வெயில்ல ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?" என்றான் சுயூன்.

"மெஷினைத் தொட்டா சுருக்கு சுருக்குன்னு கடிக்குது தம்பி. எம்மாமியாரே அவ்வளவு கடிச்சதில்ல."

சுயூன் சிரித்துவிட்டான். பழைய அரசாங்கக் காலத்துக் கட்டடம். சுவருக்குள் பழைய அலுமினியக் கம்பி. எர்த் என்ற பேச்சே கிடையாது. இப்போதுதான் பெரிய கம்பெனி ஒன்று காண்ட்ராக்ட் எடுத்து, வீடு வீடாகச் செம்புக் கம்பி இழுத்துப் புதுப் போர்டு மாட்டிக்கொண்டிருந்தது. அவன் பச்சையும் மஞ்சளுமான கம்பியைச் சுவர்ப் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் முறுக்கினான்.

"இதுதான் எர்த். மெஷின்ல கரண்ட் கசிஞ்சா இது வழியா மண்ணுக்குப் போயிரும். இனிமே பூட்ஸ் எதுக்கு? வெறுங்காலோட நில்லுங்க."

"நெசமாவா? செத்துக்கித்துப் போனா ராத்திரியில வந்து உன் காலைப் பிடிச்சு இழுப்பேன்."

"வாங்க. வரும்போது சூடா ரெண்டு ரொட்டியும் கொண்டாங்க."

அவள் பூட்ஸைக் கழற்றிக் கதவுக்கு வெளியே எறிந்தாள். சூடு தணிய நீர் தெளித்திருந்த சிமெண்டுத் தரையில் பாதத்தை வைத்ததும், "அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கிளம்பும்போது அவன் கையில் எள் தூவிய ரொட்டியைத் திணித்தாள்.

கசிவு வந்தால் தானாக விழுகிற சுவிட்ச் மட்டும் எந்தப் போர்டிலும் இல்லை. அடுத்த லாரியில் வரும் என்று மேஸ்திரி ஜுமனாசர் சொல்லியிருந்தான். அது வருவதற்குள் பக்கத்துக் கட்டடத்துக்கு ஆட்களை மாற்றிவிட்டார்கள்.

அங்கே ஏணிமேல் நின்றிருந்தபோதுதான் ஒருநாள் காலையில் அலறல் கேட்டது. ரொட்டி வாங்க வந்த பெண்கள் பக்திகுல்லின் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுயூன் ஓடினான். அவள் மெஷினோடு சேர்ந்து வளைந்து நின்றிருந்தாள். விரல்கள் இரும்பு விளிம்பை இறுக்கியிருந்தன. வெறுங்கால்கள் ஈரத் தரையில் துடித்தன.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தியபடி போர்டுக்குப் பாய்ந்து எல்லாச் சுவிட்சையும் கீழே தள்ளினான். விளக்கு அணைந்தது. மெஷின் ஓட்டம் நின்றது. அவள் கை மட்டும் விடவில்லை.

சுயூனுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. வீட்டில் கரண்டே இல்லை. பிறகு எது இவளைப் பிடித்து வைத்திருக்கிறது? மாவுப் பலகையை எடுத்து அவளை நெட்டித் தள்ளினான், அசையவில்லை. கடைசியில் ஒயரைப் பிடித்துப் பிளக்கைப் பிடுங்கியதும்தான் அவள் சரிந்து விழுந்தாள். அவன் அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸில் வந்தவர் அவன் தோளைத் தொட்டு, "விடுப்பா, போதும்" என்று சொன்ன பிறகும் அவன் கைகள் நிற்கவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு போனதும், எர்த் கம்பியில் கரண்ட் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு அவன் மாடிக்கு ஏறினான். மூன்றாம் மாடியில் சப்பார் வீட்டு வாட்டர் ஹீட்டர் பழசு. உள்ளே வெந்து கருகியிருந்தது. டெஸ்டரை வைத்தான். ஹீட்டரின் உடம்பெல்லாம் கரண்ட். அங்கிருந்து எர்த் கம்பி வழியாக இறங்கியிருக்கிறது. ஆனால் மண்ணுக்குப் போகவில்லை.

ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கீழே வந்து, கட்டடத்தின் அடித்தளத்துக்குள் குனிந்து நுழைந்து டார்ச் அடித்தான். எல்லா வீட்டு எர்த்தும் ஒன்றுசேர்ந்த தடித்த பச்சை மஞ்சள் கம்பி சுவரோரமாக இறங்கி வந்து, மணலுக்குள் புதைந்திருந்தது. பிடித்து இழுத்தான். எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. நுனியில் மேலுறைகூடச் சீவப்படவில்லை. மேல்மாடியில் கசிந்தது அத்தனையும் போக வழியில்லாமல் கட்டடத்தின் ஒவ்வொரு மெஷினிலும் ஏறி நின்று, யாராவது தொடுவதற்காகக் காத்திருந்திருக்கிறது. அவன் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

சுயூன் போய் நின்றதும் ஜுமனாசர் கார் ஏசியை அணைக்காமல் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கினான்.

"எர்த்துக்கு மண்ணுல குழாயே அடிக்கலையே அண்ணே."

"இந்தக் காஞ்ச மண்ணுல சும்மா அடிச்சா எர்த் நிக்குமா? ஆழமாத் தோண்டணும், உப்பு கொட்டணும், தண்ணி விடணும். கம்பெனி அவசரப்படுத்துனா நான் என்ன பண்ணுவேன்?"

"ஒரு பொம்பளை செத்துப்போச்சுண்ணே."

"ஈரத் தரையில வெறுங்காலோட நின்னிருக்கா." அவன் சுயூனை மேலும் கீழும் பார்த்தான். "பூட்ஸைக் கழட்டச் சொன்னது யாருன்னு ரொட்டி வாங்க வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் தெரியும். அவதான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லியிருக்காளே. போலீஸ் கேட்டா நான் எதைச் சொல்லட்டும்? யோசிச்சுக்க."

கண்ணாடி ஏறிக்கொண்டது.

பக்திகுல்லை அடக்கம் செய்த மறுநாள் சுயூன் வேலைக்குப் போகவில்லை. கடப்பாரையும் நீளமான இரும்புக் குழாயும் கொண்டுவந்து, கட்டடத்தின் பின்சுவரோரம் தோண்ட ஆரம்பித்தான். மேலே மணல், கீழே கல்லாக இறுகிய களிமண். பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக வீட்டுக்குள் போய் உப்புப் பொட்டலமும் வாளித் தண்ணீரும் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து கடப்பாரையில் ஒட்டியது. குழாயை இறக்கி, குழியை நிரப்பி, மண்டியிட்டுக் கம்பியைச் சேர்த்து இறுக்கினான். கம்பியில் கொஞ்சம் கரண்ட் விட்டு டெஸ்டரை வைத்துப் பார்த்தான். கரண்ட் மண்ணுக்குப் போயிற்று.

கார் வந்து நின்றது. ஜுமனாசர் இறங்கிக் குழாயைச் சுற்றி வந்தான், உதைத்துப் பார்த்தான்.

"பரவால்ல, நல்லாத்தான் அடிச்சிருக்க. நாளைக்குக் கம்பெனி மேலிடத்துலேருந்து ஆளுங்க பாக்க வர்றாங்க." டிக்கியிலிருந்து கம்பெனிப் பெயர்ப்பலகையை எடுத்துக் குழாய்மேல் சாய்த்துவைத்தான். "நீ நாளைலேருந்து வர வேணாம். கொஞ்சம் தள்ளி நில்லு, உன் நிழல் விழுது."

சுயூன் சுவரோரம் ஒதுங்கினான். ஜுமனாசர் போனில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். பலகைக்கு முன்னால், ஈர மண்ணில், சுயூனின் முழங்கால்கள் பதிந்த இரண்டு குழிகள் தெரிந்தன. அவற்றைச் செருப்புக் காலால் நிரவிவிட்டு, மறுபடி ஒரு படம் எடுத்தான்.