மணிக்கு எவ்வளவு

காலை ஏழு மணிக்கு மனநலப் பிரிவின் ஓய்வறையில் இருந்தவர்கள்: இரவுப் பணி முடித்த உதவியாளர் கோரின், காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த இரவுத் தலைமைச் செவிலி கிளெண்டா, பகல் வேலைக்கு வந்திருந்த ஆலோசகர் டெஸ்மண்ட், கையில் டோனட் பெட்டியோடு. நோயாளிகளை எண்ணி ஒப்படைத்தாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் காலை உணவுக்கு வரிசையில் நின்றார்கள்.

கோரின் வீட்டுக்குக் கிளம்பவில்லை. சேருவதா வேண்டாமா என்று மதியத்துக்குள் அவள் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும். மனநலச் சேவையில் இரண்டு வருடப் படிப்பு, பதினெட்டாயிரம் டாலர் கடன். படித்து முடித்தவர்கள் வாங்கும் சம்பளம் என்று கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஒரு தொகை போட்டிருந்தது. யாருடைய சம்பளம், இந்த டொலிடோ ஊரிலா வேறு ஊரிலா, பகலிலா இரவிலா என்று போடவில்லை. அதே படிப்பைப் படித்துவிட்டு அதே மாடியில் வேலை பார்க்கும் ஆள் எதிரே உட்கார்ந்து விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டிருந்தான். கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதுதான் முடியாத காரியம்.

அந்த அறையில் பேசாத விஷயம் கிடையாது. கிளெண்டாவின் இரண்டாவது விவாகரத்து, டெஸ்மண்டின் மூல வியாதி, கோரினின் அம்மா குடிப்பது, எல்லாம் டோனட்டோடு சேர்ந்து பங்கு போடப்பட்டவைதான். சம்பளத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்ததில்லை.

"டெஸ்மண்ட், ஒண்ணு கேட்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"ஆபரேஷன் இன்னும் பண்ணிக்கல."

"அது இல்ல. மணிக்கு எவ்வளவு வாங்குற?"

கிளெண்டா குனிந்து காலணியைத் தேடினார். தேடுகிற அளவுக்கு அது எங்கும் போயிருக்கவில்லை.

"இதெல்லாம் கேப்பாங்களா?" என்றான் டெஸ்மண்ட்.

"பதினெட்டாயிரம் கடன் வாங்கிப் படிச்சா உன் வேலைதான் எனக்குக் கிடைக்கும். அதுல என்ன வரும்னு உன்னைக் கேக்காம பெட்ரோல் பங்க்காரனையா கேப்பேன்?"

அவன் பெட்டியை மூடினான். திறந்தான். "நீ முதல்ல சொல்லு."

"இருபத்தொண்ணரை."

"சும்மா அளக்காத."

"பதினெட்டு சம்பளம். ராத்திரி வேலைன்னு மேல மூணரை."

டெஸ்மண்ட் பெட்டியைத் தள்ளி வைத்தான். "எனக்குப் பத்தொன்பது டாலர் எண்பது சென்ட்," என்றான்.

கோரினுக்குச் சந்தோஷமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. எப்படி இது என்றுதான் இருந்தது. அவன் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயருக்குக் கீழே பட்டம் அச்சாகியிருந்தது. அவள் அட்டையில் பெயர் மட்டும்தான்.

"ஆலோசகருங்களுக்கு ராத்திரி வேலை கிடையாதே கண்ணு," என்றார் கிளெண்டா, மேசைக்கு அடியிலிருந்தே. "அப்புறம் மேல்படி எங்கருந்து வரும்?"

"ஒரு வருஷமா உனக்கு டோனட் வாங்கித் தரேன்," என்றான் டெஸ்மண்ட். "பாவம், இந்தப் பொண்ணு என்னத்த வாங்குதோன்னு."

"எனக்கும்தானே வாங்குற?"

"உங்களுக்கு வாங்கல கிளெண்டா. நீங்களா எடுத்துக்கறீங்க."

கிளெண்டா நிமிர்ந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

"கடன் எவ்வளவு பாக்கி?" என்றாள் கோரின். ஒன்றைக் கேட்டாகிவிட்டது. இனி எதைக் கேட்டால் என்ன.

"பதினொண்ணாயிரம். மாசம் இருநூத்தி நாப்பது. ஆறு வருஷமா கட்றேன்."

"அப்ப அந்தப் படிப்புல உனக்கு என்னதான் கிடைச்சுது?"

குத்தலாகக் கேட்கவில்லை என்பது அவனுக்கும் தெரிந்தது. யோசித்துத்தான் சொன்னான். "திங்கக்கிழமை ஒருத்தர் பாதியில நிறுத்தின கதையை வியாழக்கிழமை மீதி கேக்கலாம். உனக்கு அவங்க எல்லாம் தூங்குற ஆளுங்க. எனக்கு அப்படி இல்ல."

ஒரு வருடமாகக் கோரின் அவர்கள் மூச்சு விடுகிறார்களா என்று கால் மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து வந்திருக்கிறாள். ஒருத்தருடைய கதையும் அவளுக்குத் தெரியாது.

"அது மாசம் இருநூத்தி நாப்பது பெறுமா?"

"பெறும்னுதான் நெனச்சிட்டிருந்தேன்," என்றான். "நீ என்னைவிடக் கம்மியா வாங்குறன்னு நெனச்ச வரைக்கும்."

கோரின் கைபேசியை எடுத்தாள். பட்டத்துக்குப் பிறகு பகல் வேலை. மணிக்கு ஒரு டாலர் எழுபது சென்ட் குறைவு. அதிலிருந்து மாதாமாதம் கடன். எத்தனை முறை போட்டாலும் கணக்கு அதேதான். கல்லூரியின் பக்கத்தில் கடன் வேண்டாம் என்ற கட்டத்தைத் தொட்டாள். நிச்சயமா என்று கேட்டது. மறுபடியும் தொட்டாள்.

"கிளெண்டா," என்றான் டெஸ்மண்ட். "ராத்திரிக்கு ஒரு ஆள் வேணும்னு போட்டிருந்தாங்களே, எடுத்துட்டாங்களா?"

"இல்ல. அது உதவியாளர் வேலை, கண்ணு. மூச்சு எண்ணுற வேலை."

"மூணரை உண்டுல்ல?"

"உண்டு. உன் இடம் காலியாகும். பட்டம் இல்லாம அதை யாருக்கும் குடுக்க மாட்டாங்க." கோரினை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப வியாழக்கிழமை கதை?" என்றாள் கோரின்.

"வேற யாராவது கேக்கட்டும். கடன்காரன் காத்திருக்க மாட்டான்."

"இப்பவே போகணுமா? எட்டு மணிக்கு உனக்கு நோயாளிங்களோட குழுப் பேச்சு இருக்கு," என்றார் கிளெண்டா.

"ஆள் எடுக்கிற ஆபீஸ் ஏழரைக்கே திறந்துடும். வந்துடுவேன்."

டோனட் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தான். கோரின் பிரிவின் வாசல் வரை கூடவே போனாள். இன்னும் ஏதோ கேட்க இருந்தது; என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை. அவன் அட்டையைக் காட்டினான், பச்சை விளக்கு எரிந்தது, வெளியே போனான். கனமான கதவு தானாக வந்து மூடியது. கோரின் ராத்திரி வேலைப் பழக்கத்தில் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.