முப்பத்தொரு சரியும் ஒரு பூட்டும்

1

இந்தக் கதை, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு வந்த தொலைபேசி அழைப்பிலிருந்து பிறந்தது. அழைத்தவளுக்கு நன்றி சொல்லி ஒரு குறுஞ்செய்தி எழுதத் தொடங்கினேன். பத்து வரி தாண்டியும் நன்றிக்கு வந்து சேரவில்லை. அதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். மாலை வகுப்பு முடிந்ததும் திகதி, நேரம், படித்தது, பிழைவிட்டது என்று நான்கு தலைப்பில் குறித்து வைப்பேன். கதை எழுதிப் பழக்கமில்லை. "நான்" என்று எழுதினால் என் பக்கமே சாய்ந்துவிடுவேன் என்ற பயத்தில், இனி என்னை வலன்ரைன் என்று பெயர் சொல்லி எழுதப்போகிறேன். (உண்மையிலும் என் பெயர் அதுதான். ஒளிந்துகொள்ளத் தெரியாதவன்.)

2

முதல் தொடக்கம்: "வெள்ளவத்தைக் கடலிலிருந்து வீசிய உப்புக்காற்று வகுப்பறையின் ஜன்னலை—"

வேண்டாம். வகுப்பறையில் ஏசி. ஜன்னலைத் திறக்கவே விடமாட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "பேச்சியம்மாவுக்குக் கனவுகள் இருந்தன. அவை—"

இருந்திருக்கலாம். வலன்ரைனிடம் அவள் சொன்னதில்லை.

மூன்றாவது: ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

இது உண்மை. இதிலிருந்தே போவோம்.

கொழும்பு காலி வீதியில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் நடக்கும் இணைய வடிவமைப்பு வகுப்பில் இருபத்திரண்டு பேர். அவர்களில் ஒருவரை மட்டும் நுகேகொடையில் உள்ள ஒரு நிறுவனம் ஆறு மாதப் பயிற்சிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. அதற்கு ஒவ்வொருவரும் ஒரு டிஜிட்டல் போர்ட்போலியோ செய்யவேண்டும். அதாவது, தான் செய்த வேலைகளை ஒழுங்காகக் காட்டும் ஓர் இணையப் பக்கம். அதன் இணைப்பை வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

வலன்ரைன் அன்றே கட்டம் போட்ட எழுதும் கொப்பி ஒன்று வாங்கினான். முகப்பில் என்ன வரும், எதை அழுத்தினால் எது திறக்கும், எந்த வேலை முதலில், எது கடைசியில் என்று பெட்டி பெட்டியாக வரைந்தான். கடைசிப் பக்கத்தில், சரிபார்க்க வேண்டியவை என்று முப்பத்தொரு விஷயம் எழுதினான்.

திங்கட்கிழமை ஸமீமா மிஸ் எல்லாருடைய வரைவுகளையும் திரையில் ஓடவிட்டுப் பார்த்தார். பார்த்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபத்திரண்டு பேர். எல்லாத்திலயும் நான் பயிற்சிக்குத் தந்த அதே கோப்பிக் கடை லோகோதான் ஈக்கி. இவ்வளவு பேர் சேந்து கட்டின கடையில எனக்கு ஒரு கோப்பி கூட இல்லயா?"

வகுப்பு சிரித்தது.

"சிரிக்க வேணாம். நுகேகொடைக்காரர் அந்தக் கோப்பியக் குடிச்சிக் குடிச்சி அலுத்துட்டாரு. ஒங்கட சொந்த வேலையக் காட்டுங்க."

3

பேச்சியம்மாவும் அதே வகுப்பு. ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் தங்கி, பகலில் புறக்கோட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையின் பார்சல் பகுதியில் வேலை செய்கிறாள். வலன்ரைன் வீடும் கொட்டாஞ்சேனைதான். வகுப்பு முடிந்தால் இருவருக்கும் ஒரே பஸ்.

"எங்கிட்ட சொந்த வேலை என்னங்க இருக்கு?" என்றாள் அன்று பஸ்ஸில். "பகல் பூரா பெட்டி மேல ஊர்ப் பேரு எழுதுறேன். ஹட்டன், காத்தான்குடி, மன்னார். எழுதின மை காயுறதுக்குள்ள லொறி தூக்கிட்டுப் போயிருது."

"எதால எழுதுறீங்க?"

"பிரஷ்தான். மூணு மொழியிலயும். தூரத்துல இருந்து பார்த்தாலும் தெரியணும்ல?"

"படம் ஒண்டும் இல்லையா?"

"இருந்துச்சு. பெட்டி போய்ச் சேர்ந்ததும் கடைக்காரங்க ஒரு படம் எடுத்து வாட்ஸப் குரூப்ல போடுவாங்க, சாமான் வந்துருச்சுன்னு காட்ட. போன் நிரம்பிருதுன்னு நான் கிழமைக்கு ஒருக்கா அழிச்சிருவேன்."

"எத்தினை வருஷமா?"

"மூணு."

மூன்று வருட போர்ட்போலியோவை, கிழமைக்கு ஒரு முறை, ஒழுங்கு தவறாமல் அழித்திருக்கிறாள். வலன்ரைன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்தால் கோபித்துக்கொள்வாளோ என்று பயம்.

"சிரிங்க, சிரிங்க. அடக்குனா விக்கும்," என்றாள்.

அவன்தான் சொன்னான், அந்தக் குரூப்பிலேயே கேளுங்கள் என்று. (இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் பின்னால் வலன்ரைனைப் பற்றி மோசமான ஒன்று வரப்போகிறது. அதற்கு முன் ஒரு நல்லதைச் சேர்த்துக்கொள்கிறேன்.)

மறுநாள் அவள் கேட்டாள். முதலில் வந்தது காத்தான்குடி ஸஹாப்தீன் நானாவின் குரல்பதிவு: "தங்கச்சி, லொறியால இறக்கக்குள்ள ஒங்கட எழுத்தப் பாத்துத்தான் எங்கட பெட்டி எதுண்டு தெரியும். அந்த எழுத்து ஒங்கடயா! இந்தா, கிடக்கிற எல்லாத்தயும் அனுப்புறன்." ஹட்டன் கடைக்காரர் பெட்டிகளிலிருந்து ஊர்ப் பெயரை வெட்டியெடுத்து, களஞ்சிய அறைச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "வடிவா இருந்துச்சு, வீச மனசு வரல" என்று எழுதினார்.

ஒரே நாளில் அறுபத்து மூன்று படங்கள்.

[இந்த இடத்தில் "அவள் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். உண்மையில் அவள், "ஐயோ, என் மன்னார் எவ்வளவு கோணல்!" என்றாள். வெட்டிவிட்டேன்.]

4

இனி மோசமானது.

புதன்கிழமை அவள் தன் பக்கத்தின் இணைப்பை வலன்ரைனுக்கு அனுப்பினாள். அறுபத்து மூன்று படங்களையும் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தாள். அவன் நாட்குறிப்பில் அன்று இருப்பது இவ்வளவுதான்:

"பே. பக்கம். மிக நன்று. என்னுடையதைவிட. படங்கள் பாரம். திறக்க 40 வினாடி. யாரும் காத்திருக்க மாட்டார்கள். அடுத்த வகுப்பில் சொல்ல."

அடுத்த வகுப்பு சனிக்கிழமை. கெடுவோ வெள்ளிக்கிழமை.

இந்தப் பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவில்லை. மறதிக்காரனாக மாற்றலாமா என்று யோசித்தேன். முப்பத்தொரு விஷயம் பட்டியல் போட்டவன் மறந்தான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

5

வெள்ளி, ஐந்து இருபது. வலன்ரைன் ஐந்துக்கு முன்பே தன் இணைப்பை நிறுவனத்துக்கும் பேச்சியம்மாவுக்கும் அனுப்பிவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முப்பத்தொன்றுக்கும் சரி போட்டாயிற்று. போன் அடித்தது. பேச்சியம்மா.

"வலன், உங்க பக்கம் எனக்குத் திறக்குதில்ல. அனுமதி கேளுன்னு வருது."

"எனக்குத் திறக்குதே."

"உங்க வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்கும்தானே! வேற யாருக்காவது திறக்குதான்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. முப்பத்தொன்றையும் தன் கணினியில், தன் கணக்கில் இருந்தபடியே பார்த்திருந்தான். நுகேகொடையில் எவருக்கும் அது திறந்திருக்காது. யாரும் திறக்கலாம் என்று அமைப்பை மாற்றினான்.

"இப்ப?"

"திறந்திருச்சு. அடேயப்பா, நல்லா இருக்கு வலன்."

மாற்று முடிவு அ: அவன் நன்றி சொல்லிப் போனை வைக்கிறான்.

மாற்று முடிவு ஆ: அவன் நன்றி சொல்லி, "உங்கட பக்கமும் நல்லம்" என்று ஒரு பொய்யையும்—

நடந்தது: "பேச்சி, வைக்காதீங்க. உங்கட படங்கள் பாரம் கூட. திறக்க நேரமெடுக்குது. எனக்குப் புதன்கிழமையே தெரியும்."

மறுமுனையில் யாரோ பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"புதன்ல இருந்து இதை மனசுல வச்சுக்கிட்டா திரிஞ்சீங்க?" என்றாள். "உங்களுக்குப் பாரமா இல்லயா?"

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"சரி, அழுவுறதுன்னா அப்புறம் அழுங்க. எப்படிச் சுருக்குறது? வெரசா சொல்லுங்க."

பன்னிரண்டு படங்களைத் தெரிவுசெய்து சுருக்கினார்கள். மற்றவற்றை எடுத்துவிட்டார்கள். கோணல் மன்னாரை அவள் விடமாட்டேன் என்றாள். ஐந்து ஐம்பத்தாறுக்கு அவள் பக்கம் மூன்று வினாடியில் திறந்தது. நான்கு நிமிடம் மிச்சம்.

6

முடிவு வந்துவிட்டது. இருபத்திரண்டு பேரில் யாருக்கு என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அவளுக்கு என்றால் அந்த அழைப்புக்குப் பரிசு கிடைத்ததாக நினைப்பீர்கள். எனக்கு என்றால் அவளை ஏமாளி என்பீர்கள். இரண்டும் அவளுக்குப் பொருந்தாது.

இவ்வளவையும் எழுதி, நேற்று பஸ்ஸில் அவளுக்குப் படிக்கக் கொடுத்தேன். மருதானை தாண்டும் வரை வாசித்தாள்.

"என்னைய ரொம்ப நல்லவளா எழுதிட்டீங்க. உங்க பக்கம் திறக்கலன்னு எனக்கு அஞ்சு மணிக்கே தெரியும்."

"அஞ்சு மணிக்கா?"

"அஞ்சுக்குப் பார்த்தேன். போனைக் கவுத்து வச்சேன். அஞ்சு இருபதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"அந்த இருபது நிமிஷம் என்ன செய்தீங்க?"

"பெட்டி கட்டினேன்," என்றாள்.

அவளுக்கான என் நன்றி இதனால் குறையும் என்று ஒரு நொடி பயந்தேன். கூடிவிட்டது. யோசிக்காமல் உதவியவளுக்கு ஒரு முறை நன்றி சொன்னால் போதும். இருபது நிமிடம் யோசித்து, எனக்கு எதிராகவும் யோசித்து, அதன் பிறகும் கூப்பிட்டவளுக்கு எத்தனை முறை சொல்வது?

ஆனால் அந்த இருபது நிமிடத்தை என்னால் எழுத முடியாது. எனக்கு அதே வேலைக்கு இரண்டு நாள் எடுத்தது, அதுவும் அவள் கூப்பிட்ட பிறகுதான். ஆகவே அதை உங்களிடம் தருகிறேன். புறக்கோட்டை, பார்சல் பகுதி, மேசையில் கவிழ்த்து வைத்த போன். அவளுக்கு என்ன கோபம் வேண்டுமானாலும், என்ன ஆசை வேண்டுமானாலும் கொடுங்கள். கடைசியில் அவள் போனை எடுக்கவேண்டும். அதை மட்டும் மாற்றாதீர்கள்.