அத்தையின் வேகத்துக்கு ஒரு மாத்திரை

எங்கள் ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமான பெண்கள் தேவைப்பட்டார்கள். தைராய்டு நோய் உள்ளவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மருத்துவமனையின் மேல்மாடி வராந்தா முழுக்க அவர்கள்தான். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோய் எதுவும் இல்லாத, ஐம்பதைத் தாண்டிய பெண்கள்தான் அகப்படவில்லை. நன்றாக இருக்கிறவர்கள் எதற்காக வந்து ஊசி குத்திக்கொள்ளப் போகிறார்கள்?

ஆள் சேர்ப்பது என் வேலை. அதாவது முன்பின் தெரியாத பெண்களிடம் போய், உங்களுக்கு அதிகமாக வியர்க்குமா, படபடப்பு வருமா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்பது. ஒரு மைக்ராஸ்கோப்போடு தனியறையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நம்பி விலங்கியல் படித்தவள் நான். முதல் வாரம் நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை. ஒரு பெண்மணி மட்டும் பாவம் பார்த்து, "கழிப்பறை அந்தப் பக்கம்மா" என்று வழி காட்டினாள்.

அதனால் அத்தையைப் பிடித்தேன். அப்பாவின் தங்கை. வீட்டின் முன்னறையில் தையல் கடை, பள்ளிச் சீருடைகள் தைக்கிறாள். ஆரோக்கியம் என்ற பேச்சு வந்தால் எங்கள் குடும்பத்தில் எல்லோர் விரலும் அவள் பக்கம்தான் நீளும். இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவாள், மூன்று பேர் வேலையைச் செய்வாள், உடம்பில் ஒரு பிடி சதை கிடையாது. நான் கேள்வியை முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டாள்.

"சீக்கிரம் எடும்மா, அங்க காலர் வெட்டாம கிடக்குது" என்று ரத்தம் எடுத்தவரையும் விரட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். ஆராய்ச்சியின் தலைவி அவர்தான்.

"நீ கூட்டிட்டு வந்த ஆரோக்கியமான பெண்மணி இருக்காங்களே..."

"சொல்லுங்க டாக்டர்."

"வராந்தாவுல உக்காந்திருக்கிற எல்லாரையும் விட மோசமா இருக்காங்க."

கழுத்துச் சுரப்பி தேவைக்கு மேல் சுரந்துகொண்டிருந்தது. இதயம் எந்நேரமும் மாடிப்படி ஏறுவதுபோல் அடித்தது. இப்படியே விட்டால் ஒரு நாள் அதன் தாளம் தவறிப்போகும் என்றார். உடனே மாத்திரை தொடங்க வேண்டும். அதை அத்தையிடம் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

கடையில் அத்தை தைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் மாமா ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். தபால் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் தொடங்கிய சட்டை அது.

"என்னை ஃபெயில் பண்ணிட்டீங்களா?" என்றாள் அத்தை.

"ஃபெயில் இல்ல அத்தே. சுரப்பி கொஞ்சம் வேகமா..."

"அப்ப என் சுறுசுறுப்பு?"

"அதுல கொஞ்சம் அந்தச் சுரப்பியால இருக்கலாம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

அதைச் சொல்லும் பரிசோதனை எதுவும் எங்களிடம் இல்லை. 

"வாயைத் திறடி, காத்தாவது வரட்டும். அப்ப நான் தைச்சதெல்லாம் நான் தைக்கல, கழுத்துல இருக்கிறது தைச்சுதா? உங்க மாத்திரையைப் போட்டுக்கிட்டு நானும் இந்த மனுஷன் மாதிரி பொத்தானைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா? பள்ளிக்கூடம் திறக்கப்போற நேரத்துல? போடி, போய் வேற ஆளைப் பாரு."

நான் கொண்டுவந்த மாத்திரைப் பட்டையை நூல்கண்டு இழுப்பறைக்குள் எறிந்து மூடினாள்.

மாமா என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார்.

"ஏம்மா, உங்க ஆராய்ச்சியில யாருக்கு என்ன மாத்திரைன்னு அவங்களுக்கே தெரியாதாமே?"

"சில ஆராய்ச்சியில அப்படித்தான் மாமா. ஆனா முதல்ல விவரம் சொல்லி, சம்மதம் வாங்கிட்டுத்தான் குடுப்போம்."

மாமா யோசித்தார். மாமா யோசிப்பது நிதானமாக நடக்கிற காரியம். என் பதிலின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வீடு திரும்பிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் அவர் என்னிடம் தணிந்த குரலில், "சாப்பிடறா. வெளியில சொல்லிக்க மாட்டா. நீயும் கேட்டுடாதே" என்றார். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குச் சிரமமே இல்லாத காரியம். டாக்டரம்மாவிடமும் சாப்பிடுகிறாள் என்றே சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. பொய் சொன்னது உங்கள் இயந்திரம்தான் என்று நிரூபிக்க அத்தை கிளம்பி வந்தாள். கூட வந்த மாமா வராந்தா நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனார். முகம் சற்று உப்பியிருந்தது. வழக்கமாக மெதுவாக இருப்பவர்தான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

பிற்பகல் முடிவு வந்தது. எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டு டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மாசம் சாப்பிட்டும் ஒண்ணும் அசையல. சரி, அளவை ரெண்டு மடங்காக்கிடுவோம்."

"எதை?" என்றாள் அத்தை.

"சரிங்க டாக்டர், நாளையிலேருந்து ரெண்டு போட்டுடறேன்" என்றார் மாமா. குரல் தவளை மாதிரி கரகரத்தது.



"நீங்க எதுக்குப் போடறீங்க? எதுல போடறீங்க?" என்றாள் அத்தை.

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"டீயில" என்றார்.

அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ டாக்டர், கல்யாணமானதிலேருந்து அடுப்படி எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டுக்கிட்டிருந்த மனுஷன், திடீர்னு ஒரு நாள் காலையில டீ போட்டுக் கொண்டாந்து நீட்டறார். அதைக் குடிக்க எனக்கென்ன பைத்தியமா? ஒரு வாய் வச்சேன், கசந்துச்சு. இவர் பாத்திரம் கழுவத் திரும்பினதும் டம்ளரை மாத்தி வச்சுட்டேன். தினமும் அப்படித்தான்."

"அப்ப என் டீ?" என்றார் மாமா.

"நான் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு."

டாக்டரம்மா எழுந்து போய் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தார். முழங்காலில் தட்டினார். கால் என்ன செய்வதென்று யோசித்துவிட்டு ஆடியது.

"உங்களுக்குக் கசப்பே தெரியலையா?"

"தெரிஞ்சுது டாக்டர். நான் போட்ட டீ வேற எப்படி இருக்கும்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் வென்றது. இந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தின் வெள்ளணுக்களையே குறைத்துவிடும், சாதாரணத் தொண்டைவலியில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். சொல்லாமல் மருந்து கொடுப்பது வைத்தியம் இல்லை என்றார். மாமாவின் ரத்தத்தையும் எடுத்தார்கள். சாயங்காலம் வந்த முடிவில் சுரப்பு நன்றாகக் குறைந்திருந்தது, வெள்ளணுக்கள் தப்பியிருந்தன. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் தானாகச் சரியாகும்.

அத்தையின் சிரிப்பு அதற்குள் நின்றுவிட்டிருந்தது. மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எதுக்குங்க இந்த வேலை?"

மாமா சட்டை நுனியை நீவிக்கொண்டே இருந்தார்.

"தூக்கத்துல உன் கை என் மேல வந்து விழும். அதுல நாடி ஓடற ஓட்டம்... மெஷின் மேல கையை வச்ச மாதிரி இருக்கு. நீ தூங்கறே, அது மட்டும் தைச்சுக்கிட்டே இருக்கு. எனக்குத் தூக்கம் போயிடும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல ஆரம்பிக்கிறதுக்குள்ள நீ எழுந்து கடைக்குப் போயிடறே."

  அத்தை தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தாள்.  பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏய் ஊமச்சி. டாக்டரை விடு, நீ சொல்லு. இதைச் சாப்பிட்டா நான் நானாவே இருப்பேனா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டிருந்தது.

"முழுசா தெரியாது அத்தே" என்றேன். இந்த முறை குரல் கேட்டது. "வேகம் கொஞ்சம் குறையலாம். கை நடுக்கம் நிக்கும். தூக்கம் வரும். வாய் குறையும்னு மட்டும் இதுவரைக்கும் எந்த ஆராய்ச்சியிலயும் சொல்லல."

மாமாதான் முதலில் சிரித்தார். மற்ற எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் அவர் தொடங்குவது வழக்கம்.

"இவரு இந்த ஒரு மாசத்துல ஆன மாதிரி நான் ஆனேன்னா?"

"ஆக விட மாட்டோம்" என்றார் டாக்டரம்மா. "அதுக்குத்தான் மாசாமாசம் ரத்தம் பாக்கறது. அதிகமா போனா குறைச்சுக்கலாம்."

அத்தை தண்ணீர் கேட்டாள். மாமா எழுந்து கொண்டுவருவதற்குள் தானே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாத்திரையை டாக்டரம்மாவிடம் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து விழுங்கினாள்.

நாங்கள் மூவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன பாக்கறீங்க? சுவிட்சைத் தட்டினதும் நின்னுபோக நான் என்ன மிக்ஸியா?" என்றாள் அத்தை. "எழுந்திரிங்க, வீட்டுக்குப் போகலாம். நேரமாகுது."