தகரப் பெட்டிக்கு முட்டு

ட்ரெஸ்ஸி நாற்காலி மேல் ஏறி நின்று, முன்னறையின் பெரிய ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டிருந்தாள். திருகுகள் துருப்பிடித்திருந்தன. ஒன்று அசையவில்லை என்றதும் திருப்புளியை வைத்து சுத்தியலால் ஒரு போடு போட்டாள். நேற்றுப் புருஷனைப் பறிகொடுத்தவள் செய்கிற வேலையா இது என்று முற்றத்தில் நின்ற பெண்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். அது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. முணுமுணுத்தவர்கள் யாரும் சுத்தியலைப் பிடிக்க வரவில்லை, அதனால் அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இறங்கு ட்ரெஸ்ஸி. நான் ஆளை வச்சுக் கழட்டித் தர்றேன்," என்றார் லைல். அந்தப் பள்ளத்தாக்கில் யார் இறந்தாலும் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, பெட்டியில் வைத்து வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது அவர் தொழில். ட்ரெஸ்ஸியின் புருஷன் வெர்லின் நேற்றிலிருந்து அவர் பொறுப்பில் இருந்தான்.

"ஆள் வர்றதுக்குள்ள ஜன்னலே வந்துடும். நீங்க போய் அவரைக் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வர்றது ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. வாசல்ல நுழைஞ்ச உடனே சமையலறைச் சுவர் குறுக்க வருது. பெட்டி திரும்பாது. ஒருக்களிச்சுச் சாய்ச்சா திருப்பிடலாம். ஆனா..."

"சாய்ப்பீங்களா? அவரு என்ன சோபாவா? அதுக்குத்தானே ஜன்னலைக் கழட்டுறேன்."

லைல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு, மெதுவாக, தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார். ஜன்னலோரம் தரை கொஞ்சம் அமுங்கியது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. போன குளிர்காலத்தில் குழாய் வெடித்துத் தண்ணீர் இறங்கியதிலிருந்து அந்த இடத்தில் ஒரு தொய்வு.

"பெட்டி கனம், தூக்குற ஆளுங்க கனம், ராத்திரி பூரா வந்து உக்கார்ற சனம். இது தாங்குமான்னு எனக்கு பயமா இருக்கு," என்றார். "ஹோபார்ட் வீட்டுல பெரிய கூடம் இருக்கு. அவரே நேத்து கூப்பிட்டுச் சொன்னாரு."

"சொல்லியிருப்பாரு," என்றாள் ட்ரெஸ்ஸி. அடுத்த திருகில் திருப்புளியை வைத்தாள்.

வெர்லினின் அண்ணன் ஹோபார்ட். மலைச்சரிவில், அப்பா காலத்து நிலத்தில், செங்கல் வீடு கட்டியிருந்தார். முன்பக்கம் தூண் வைத்த தாழ்வாரம், மேலே இரண்டு அறை. பக்கத்திலேயே பாதி நிலத்தைத் தம்பிக்கென்று ஒதுக்கியும் வைத்திருந்தார். சுரங்கக் கரித்தூசி வெர்லினின் நுரையீரலைத் தின்றதற்கு நஷ்டஈடு வந்தபோது, "வா, ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுவோம், கூலி மிச்சம்," என்று கூப்பிட்டார். அப்போது அந்தப் பணத்துக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. ஹோபார்ட் பக்கத்தில் கட்டலாம், ஆனால் பாதிக்கு மேல் கடன் வாங்க வேண்டும். டவுனில் ஆற்றோரத் தெருவில் விற்பனைக்கு வந்த பழைய மரவீட்டை வாங்கலாம், அதற்கும் பேங்கில் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் லெக்சிங்டன் நகரத்திலிருந்து லாரியில் இழுத்து வந்து இறக்குகிற மொபைல் ஹோம், தகரச் சுவர் வைத்த ஆயத்த வீடு. அது கையிலிருக்கும் காசுக்குள் அடங்கியது, மிச்சத்தில் தண்ணீர்த் தொட்டியும் குளிர்காலத்துக்கு எரிவாயுவும் வந்துவிடும்.

ட்ரெஸ்ஸி மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். அதையும் தன் அப்பா விட்டுப்போன துண்டு நிலத்தில் இறக்கினாள்.

அன்றைக்கே ஹோபார்ட் சத்தியம் பண்ணிவிட்டார், அந்தத் தகரப் பெட்டிக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று. சொன்னபடியே வைக்கவும் இல்லை. தம்பியைப் பார்க்க வந்தால் டிரக்கை முற்றத்தில் நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல், கண்ணாடியை இறக்கிப் பேசிவிட்டுப் போவார். வெர்லின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, வாசலுக்குப் போட்டிருந்த சரிவுப் பலகையில் நின்று பதில் சொல்லுவான். மழையில்கூட அப்படித்தான். ட்ரெஸ்ஸி குடையைக் கொண்டுபோய்ப் புருஷனுக்கு மட்டும் பிடிப்பாள்.

இப்போதும் அந்த டிரக்தான் வந்து நின்றது. ஹோபார்ட் கறுப்பு சூட்டில் இறங்கினார். கூடவே அவர் மனைவி இமோஜீன், மூடி போட்ட பாத்திரத்தில் கோழியும் மாவு உருண்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டையையும் அதில் நிற்கும் ட்ரெஸ்ஸியையும் பார்த்ததும் ஹோபார்ட்டின் முகம் சிவந்தது.

"என்ன கூத்து இது? ஊரே பார்க்குது."

"பார்க்கத்தான் வந்திருக்காங்க. ஹோபார்ட், அந்தப் பக்கம் சட்டத்தைப் பிடிங்களேன்."

அவர் பிடிக்கவில்லை. "எங்க அப்பாவை நடு வீட்டுல வச்சோம். அம்மாவை நடு வீட்டுல வச்சோம். என் தம்பியை ஜன்னல் வழியா, திருட்டுச் சாமான் ஏத்துற மாதிரி ஏத்தணுமா? என் வீட்டு வாசல் ரெண்டு கதவு. திறந்தா பெட்டி நேரா போகும்."

"உங்க வீடு உங்க வீடு. அவரு வீடு இது."

"இதா வீடு? வீடுன்னா வருஷத்துக்கு வருஷம் விலை ஏறணும். இது கடையை விட்டு ரோட்டுக்கு வந்த அன்னைக்கே பாதியா போச்சு."

"நாங்க விக்கவா வாங்கினோம்? இருக்க வாங்கினோம்."

இமோஜீன் பாத்திரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "நல்ல நாளும் அதுவுமா இந்தச் சண்டை எதுக்கு," என்று தொடங்கியவள், சாவு வீட்டில் என்ன சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து வாயை மூடிக்கொண்டாள். ட்ரெஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெர்லின் இருந்திருந்தால் இருமி இருமிச் சிரித்திருப்பான். அவள் சட்டத்தைத் தோளில் தாங்கிக் கீழே இறக்கினாள்.

அண்டை வீட்டு டென்ஸில் அதற்குள் பாரம் தாங்க வழி சொன்னார். அவரும் அண்ணன் தம்பி இருவரோடும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்தான். "வீட்டுக்கடியில குனிஞ்சு போற அளவுக்கு இடம் இருக்கு. தரைக்குக் கீழ முட்டுக் கொடுத்துட்டா ஆச்சு. மலையையே தலைக்கு மேல தாங்கி நிறுத்தினோம், இந்தப் பலகை எந்த மூலைக்கு?" என்றார். அந்த இடைவெளியைச் சுற்றி அடைத்திருந்த தகட்டில் ஒன்றைக் கழற்றி, கட்டைகளையும் ஆப்புகளையும் உள்ளே தள்ளி, தானும் ஊர்ந்து போனார். இன்னும் இரண்டு பேர் பின்னாலேயே போனார்கள். அடியிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஹோபார்ட் ஜன்னல் ஓட்டைக்கு அருகில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"ட்ரெஸ்ஸி. அவன் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டான். என்கிட்ட சொன்னான். டவுன்ல அந்த மரவீடு இருந்துச்சே, அது மேல அவனுக்கு உசுரு. தாழ்வாரத்துல உக்காந்து ஆத்தைப் பார்க்கணும்னான். நீதான் கடனுக்குப் பயந்து அவனை இதுல கொண்டுவந்து அடைச்சே. அப்புறம் என் வீட்டுக்கும் வர விடலை. கிறிஸ்துமஸுக்குக்கூட விடலை. செத்தப்புறமாவது அவனை ஒரு வீட்டுல இருக்க விடு."

அடியில் சுத்தியல் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல.

உசுரு என்பது உண்மை. அது ட்ரெஸ்ஸிக்கும் தெரியும். அந்த மரவீட்டைப் பார்க்கப் போன அன்று வெர்லின் சின்னப்பையன் போலக் குதூகலமாக இருந்தான். அறைகளெல்லாம் மாடியில். புரோக்கர் முன்னால் ஏறிப் போனான், வெர்லின் பின்னால் ஏறினான். பாதிக்கு முன்னாலேயே நின்றுவிட்டான். நின்றவன், கைப்பிடி மரத்தைத் தடவி, "நல்ல மரம், பழைய காலத்து ஓக்," என்றான். மறுபடி தடவினான். தடவிக்கொண்டே இருந்தான். அவன் உதடு நீலம் பாரித்திருந்ததைக் கீழே நின்ற ட்ரெஸ்ஸி பார்த்தாள். மரத்தைப் பற்றி அவன் புரோக்கரிடம் இன்னொரு கேள்வி கேட்டான், மூச்சு வாங்குவதற்காக. காரில் திரும்பும்போது அவள்தான் முந்திக்கொண்டு சொன்னாள், "எனக்குக் கடன்னா பயம் வெர்லின், வேணாம்." அவன் திரும்பி ஆற்றைப் பார்த்தான். அப்புறம், "உனக்குப் பயம்னா வேணாம்," என்றான். அவளைக் கஞ்சப்பிசினாறி என்று அண்ணனிடம் திட்டிக்கொள்ள அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது. திட்டட்டும் என்று விட்டுவிட்டாள். படி ஏற முடியாதவன் என்று யாரும் அவனைச் சொல்ல அவள் விடவில்லை.

இனி யாருக்காக மறைப்பது?

"ஹோபார்ட்," என்றாள். "உங்க வீட்டு வாசல்ல எத்தனை படி?"

"என்னது?"

"ரோட்டுல இருந்து தாழ்வாரத்துக்கு. எத்தனை படி ஏறணும்?"

அவர் வாயைத் திறந்தார். எண்ணத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. சொந்த வீட்டுப் படியை எவன் எண்ணி வைத்திருக்கிறான்.

"நான் விடலையா? நான் யாரு அவரை விடாம இருக்க? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சட்டை மாட்டி, தலை வாரி, கார்ல உக்காருவாரு. உங்க வீட்டுக்குக் கீழ ரோட்டுல நிறுத்தச் சொல்லுவாரு. மேல விளக்கெல்லாம் எரியும், நீங்க சிரிக்கிறது கேக்கும். படியையே பார்த்துட்டு உக்காந்திருப்பாரு. அப்புறம், எனக்குப் பசிக்கலை, வா போகலாம்பாரு. உங்க தம்பியால படி ஏற முடியலைங்க. அந்த மரவீட்டுலயும் முடியலை. அதைச் சொன்னா அவரு மானம் போயிடும்னு நான் கஞ்சப்பிசினாறி ஆனேன். இந்தத் தகரப் பெட்டிக்குப் படி இல்லை. சரிவுப் பலகையில அவரே ஆக்ஸிஜன் தள்ளுவண்டியோட இறங்குவாரு, அவரே ஏறுவாரு. கடைசி வரைக்கும் யாரும் அவரைத் தூக்கலை. இன்னைக்குத்தான் முதல்ல தூக்கப் போறாங்க. அதுவும் இந்த வீட்டுக்குள்ளதான் தூக்கணும். உங்க படியில அவரைப் பிணமா ஏத்த நான் விட மாட்டேன், நீங்க என்ன குதிச்சாலும் சரி."

இமோஜீன் பாத்திரத்தை டிரக்கின் மேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹோபார்ட் மலைச்சரிவைப் பார்த்தார். அங்கிருந்து அவர் வீட்டுத் தூண்கள் மட்டும் மரங்களுக்கு நடுவில் வெள்ளையாகத் தெரிந்தன.

அடியில் டென்ஸில் சங்கடத்தோடு மறுபடி சுத்தியலை எடுத்தார். டொக், டொக் என்றது. ஹோபார்ட் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் சுளித்தது.

"ஒத்தை ஆப்புல நிறுத்துறான்," என்றார் யாரிடம் என்றில்லாமல். "ஒத்தை ஆப்பு வச்சா பாரம் ஏறின உடனே வழுக்கும். எதிரும் புதிருமா ரெண்டு வைக்கணும்னு இவனுக்கு எத்தனை தடவை... டேய் டென்ஸில்! வெளிய வாடா, முட்டாப்பயலே!"

டென்ஸிலின் தலை வெளியே வரும் முன்பே ஹோபார்ட் மண்டியிட்டுவிட்டார். சூட்டையும் கழற்றவில்லை. "ஐயோ, கோட்டு!" என்று இமோஜீன் கத்தினாள். அதற்குள் அவர் பளபளத்த ஷூக்கள் மட்டும் வெளியே தெரிந்தன, பிறகு அவையும் போயின.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அடியிலிருந்து வேறு விதமான சத்தம் வந்தது. அவசரமில்லாத தட்டல். ஒரு தட்டு, ஒரு காத்திருப்பு, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு தட்டு. சுரங்கத்துக் கூரை பாரம் தாங்குமா என்று தட்டிக் கேட்கிற தட்டல் அது. வெர்லின் இந்த வீட்டுச் சுவர்களையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பான்.

மாலையில் லைலின் வண்டி வந்தது. ஆறு பேர் பெட்டியை ஜன்னல் வழியாகச் சாய்க்காமல் உள்ளே தந்தார்கள், ஆறு பேர் வாங்கினார்கள். தரை முனகக்கூட இல்லை. லைல் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். சனம் உள்ளே வந்தது. சோளரொட்டியும் அவித்த அவரைக்கொட்டையும் சமையல் மேடையை நிறைத்தன. இமோஜீன் தன் பாத்திரத்தோடு சரிவுப் பலகையில் ஏறி வந்து, கூச்சத்தோடு இடம் தேடி வைத்தாள். யாரோ மெல்லப் பாட ஆரம்பித்தார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ஹோபார்ட்டை மட்டும் காணோம்.

ட்ரெஸ்ஸி வெளியே வந்தாள். தகடு கழற்றியிருந்த இடத்தில் குனிந்தாள். இருட்டில், சவப்பெட்டிக்கு நேர் கீழே, முட்டுக்கட்டையில் முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வாங்க ஹோபார்ட். எல்லாரும் வந்தாச்சு."

"வர மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான்."

"சரி."

"முட்டுக்கட்டையை யாராவது பார்த்துக்கணும். சனம் கூடக் கூட இறங்கும்." குரல் கரகரத்தது. "இப்பவும் இது தகரப் பெட்டிதான்."

"ஆமா. என் தகரப் பெட்டி."

அவள் உள்ளே போய் ஒரு தட்டில் கோழியும் மாவு உருண்டையும் போட்டு, மேலே ஒரு சோளரொட்டி வைத்து எடுத்துவந்தாள். வெளியே மண்ணில் மண்டியிட்டு, தட்டை வீட்டுக்கடியில் கை எட்டும் வரை தள்ளினாள். தலைக்கு மேல் பாட்டு அடுத்த அடிக்குப் போனது. உள்ளிருந்து, கோட்டின் கையெல்லாம் சேறான ஒரு கை நீண்டு வந்து தட்டை வாங்கிக்கொண்டது.