இருபத்து மூன்றாம் பக்கம்

ஆய்விதழில் வரவிருக்கும் கட்டுரையின் அச்சுப்படிக்கு மாலை ஐந்து மணிக்குள் ஒப்புதல் சொல்ல வேண்டும். கோலெட் திபோதோ இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி நாலேகால். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் உள்ள இந்தச் சட்டக் கல்லூரிக்கு சர்வதேச மனித உரிமைச் சட்டம் கற்பிக்க வந்து ஆறு வருடம். வெள்ளிக்கிழமை அவளது நிரந்தரப் பதவிக்கான கோப்பு குழுவின் முன் போகிறது. இந்தக் கட்டுரை இல்லையென்றால் அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

மதியம் எவுலாலியா போனில் கூப்பிட்டிருந்தாள். குவாத்தமாலாவிலிருந்து தப்பி வந்து மீன் ஆலையில் வேலை செய்கிறவள். அவள் ஊருக்குள் பட்டாளம் புகுந்த நாளைப் பற்றி அவள் சொன்னதுதான் கட்டுரையின் உயிர்.

"தம்பி வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தாங்களாம். உங்க அக்கா கனடாவுல யார்கிட்ட என்ன சொன்னான்னு கேட்டாங்களாம். நான் சொன்னத எடுத்துடுங்க, ப்ரொஃபசரம்மா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

பக்கத்து அறை கார்த், இருபது வருடம் மூத்தவர், விஷயம் தெரிந்து வந்து வாசலில் நின்றபடியே கேட்டார். "பேர மாத்திட்டல்ல? அப்பறம் என்ன?"

"சர்ச் கதவக் கழட்டி அது மேல பிணங்கள அடுக்கினது அந்த ஒரு ஊர்லதான் கார்த். சொன்னது யாருன்னு படிக்கிறவனுக்குத் தெரிஞ்சிடும்."

"அந்த வரிய மட்டும் எடுத்துடு."

"அதுதான் ஆதாரமே. அது போனா மிச்சம் வெறும் பேச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் இப்படி ஒண்ணு வந்துச்சு. நான் எடுக்காம அச்சுல போட்டுட்டேன்." என்ன ஆயிற்று என்று சொல்லாமலே போய்விட்டார்.

எவுலாலியா கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைக் கோலெட் எடுத்தாள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற வாக்கியம் அவளே எழுதியது. எவுலாலியாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டியது. வருடா வருடம் மாணவர்களுக்கு நடத்துவதும் அதைத்தான். இருந்தும் விரல் நகரவில்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம், ஆறு வருடத்துக் கோடை விடுமுறைகள் என்று என்னென்னவோ நினைவுக்கு வந்தன. ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழாசிரியருக்கு ஒற்றை வரி எழுதி அனுப்பினாள்.

எவுலாலியாவைக் கூப்பிட்டாள். "எடுத்தாச்சு. முழுசா."

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அத நான் பாத்துக்கறேன். தம்பி எப்படி இருக்கார்?"

ஆலை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, "மத்தியானத்துக்கு அப்பறம் அவன் போன எடுக்கல. கூட வேலை செய்யற தோழியோட போன்ல இப்ப அவனுக்குப் போடறேன். நீங்க வச்சிடாதீங்க."

கோலெட் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். இரைச்சலுக்கு அடியில், எங்கோ ஒரு மலைச்சரிவு வீட்டை எழுப்பும் அழைப்பொலி மெலிதாகக் கேட்டது. நெடுநேரம் ஒலித்து அடங்கியது. எவுலாலியா மறுபடி எண்களை ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினாள்.