இரண்டு தாடிகளும் ஒரு கல்லும்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. ஆணை ஆண் நேசிப்பதைப் பழிக்க மனிதர்கள் எப்போது கற்றுக்கொண்டார்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். 'எல்லாம் கடவுள் வகுத்தது' என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் தொடக்கம்: ஏதென்ஸ் நகரத்தில் பொழுது புலர்ந்து, (வேண்டாம். பொழுது எங்கும்தான் புலர்கிறது.)

இரண்டாவது: தெல்லியாஸ் அழுதுகொண்டே, (அழவில்லை. அழுகிறவனுக்கு 'உச்' கொட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.)

2

பண்டைய ஏதென்ஸ் நகர வாசலுக்கு வெளியே, கல்லறைக் கல் செதுக்கும் சோசினோஸின் பட்டறை. ஐம்பது வயது தெல்லியாஸ் வந்து நிற்கிறான். இருபத்தைந்து வருடம் அவனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த ஆர்க்கினோஸ் போன வாரம் இறந்துவிட்டான்.

"நாங்க ரெண்டு பேரும் கை கோத்திருக்கற மாதிரி செதுக்குப்பா."

"அது புருஷன் பொண்டாட்டிக்கு, அப்பன் மகனுக்குப் போடறதுங்க."

"நாங்க யாராம்?"

"நரைச்ச தாடி ரெண்டு கை கோத்து நின்னா, போறவன் வர்றவன் எல்லாம் இதுல பொண்டாட்டி எதுன்னு கேப்பான். அப்படிக் கல்லு வந்தா குடும்பக் கல்லறை இடத்துல நட விடமாட்டேன்னு செத்தவரோட தம்பியும் சொல்லிட்டாரு. ஒண்ணு செய்யறேன். செத்தவருக்குத் தாடியை எடுத்துட்டு, பொம்பளை மாதிரி முக்காடு போட்டுடறேன். வம்பில்ல பாருங்க."

தெல்லியாஸ் தலைகுனிந்தான். [திருத்தம்: குனியவில்லை. பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன்.]

"அந்தத் தாடியில ஒட்டின பருப்பை இருபத்தஞ்சு வருஷம் துடைச்சவன் நான். அதை எடுத்துட்டா அது யார் கல்லுய்யா?"

3

மிர்ட்டோ என் திட்டத்திலேயே இல்லை. சோசினோஸின் மனைவி, கற்களுக்குச் சாயம் குழைப்பவள். என்னைக் கேட்காமலே வாயைத் திறந்தாள்.

"பொண்டாட்டின்னா வசவா? அப்போ என்னை மாதிரி இருக்கறதுதான் கேவலமா?"

"உன்னைச் சொல்லல, மிர்ட்டோ."

"என்னைத்தான் சொன்னே. தினமும் சொல்றே."

அந்தப் பழிப்புக்கு நான் கோயில் கோயிலாகத் தேடிய வேர் இங்கே கிடந்தது. (இது ஒன்றே வேர் என்று சாதிக்கமாட்டேன். இந்தப் பட்டறையில் இதுதான்.) பெண்ணைத் தாழ்த்தி வைத்தார்கள், அதனால் பெண்ணைப் போல் ஆவது ஆணுக்கு அவமானமாயிற்று. பழியைக் கடவுள் தலையில் கட்டிவிட்டார்கள்.

4

முடிவு அ: தெல்லியாஸ் முக்காட்டுக்கு இணங்குகிறான். எழுத மாட்டேன்.

முடிவு ஆ: தம்பி கல்லை உடைக்கிறான், தெல்லியாஸ் துக்கத்தில் சாகிறான். மாட்டவே மாட்டேன். இவர்களைப் போன்றவர்களைக் கடைசிப் பக்கத்தில் கொன்று கொன்றே நமக்குப் பழகிவிட்டது.

தெல்லியாஸ் கேட்டபடியே சோசினோஸ் செதுக்கினான்; மறுத்துவிட்டு அந்த வீட்டில் சோறு தின்ன முடியாது. மிர்ட்டோ இரண்டு தாடிக்கும் நரை பூசினாள். குடும்ப இடம் கிடைக்கவில்லை. கல்லைச் சாலையோரம் நட்டார்கள். தெல்லியாஸ் வெட்டச் சொன்னது ஒரே வரி: 'இவன் ஆர்க்கினோஸ். பிடித்திருப்பது என் கை.'

அதோ, ஒருவன் நின்று படிக்கிறான். வாய்க்குள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி, "இதுல பொண்டாட்டி எதுங்க?" என்கிறான்.

பக்கத்தில் நிற்பது நீங்கள். கல்லடியில் உட்கார்ந்திருக்கும் தெல்லியாஸுக்குக் காது நன்றாகவே கேட்கும். சொல்லுங்கள்.