வடிவாம்பாள் அடுக்கிய கடை

குற்றாலலிங்கத்தின் கடையில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். சாலைக் கடைத்தெருவில் தூண்டில் முள்ளும் நூலும் ஈயக்குண்டும் விற்கிற கடை அது. பூந்துறைக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்கிற ஆள் வந்து கேட்டால், அவர் பேசிக்கொண்டே பின்பக்கம் கையை விட்டு ஒரு டின்னைத் துழாவுவார். கேட்ட பொதி கைக்கு வந்துவிடும். இருபது வருஷமாக அப்படித்தான் வியாபாரம் நடந்தது. 1953 ஆனி மாத மழையில் அவர் கடைவாசலில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்தபோதுதான், கடையின் பாதி அவருடைய கையிலேயே இருந்தது என்று எல்லாருக்கும் புரிந்தது.

நான்காம் நாள் அவர் மனைவி வடிவாம்பாள் கரமனை வீட்டைப் பூட்டிக்கொண்டு, கிள்ளிப்பாலம் வழியாக நடந்து வந்து கடையைத் திறந்தாள். நாற்பது வயது. ஒரே மகளைக் கோட்டாற்றில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. சைவக் குடும்பத்துப் பெண். மீனை நாக்கில் வைத்ததில்லை. கணவரின் கடைக்குள் அதுவரை பத்துத் தடவைக்கு மேல் நுழைந்ததும் இல்லை.

தினம் மத்தியானம் கஞ்சியும் துவையலும் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். போனதும் கேட்பாள்.

"சூரை மீனுக்குள்ள முள்ளு எங்க வச்சிருக்கேளு?"

"அது நாலாம் நம்பர். கிழக்கு மூலையில, மண்ணெண்ணெ டின்னுல. மேல கிடக்கப்பட்ட சாக்கை நீக்கினா அடியில இருக்கும்."

"கிழக்கு மூலையில அஞ்சு டின்னு கிடக்கே."

"அதுல நெளிஞ்ச டின்னு," என்பார் குற்றாலலிங்கம், இதுகூடத் தெரியாதா என்பது போல.

ஐந்துமே நெளிந்த டின்கள்தான்.

இப்படி ஒரு வாரம் போனது. ஒருநாள் பூந்துறை தாசம்மாள், சந்தையில் மீன் விற்றுத் தீர்ந்த கூடையோடு வந்து, களவா மீன் பிடிக்கிற முள் ஒரு டசன் கேட்டாள். வடிவாம்பாள் கைக்கு அகப்பட்ட ஒரு பொதியின் மேலாக இருந்த பெரிய முட்களைப் பார்த்துக் கொடுத்தனுப்பினாள். மூன்றாம் நாள் தாசம்மாள் திரும்பி வந்தாள். கூடையைத் தரையில் வைத்த சத்தத்திலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்தது.

"அம்மா, இது உங்க கடை முள்ளு."

அவள் உள்ளங்கையில் பாதி முள் கிடந்தது. வளைவில் ஒடிந்திருந்தது. ஒடிந்த இடம் சிவப்பாக, பொருபொருவென்று துரு ஏறி இருந்தது.

"எங்க வீட்டு ஆளு விடியக்காலம் போயி உச்சி வரைக்கும் கடலுக்குள்ள பாறைப்பாருக்கு மேல இருந்தாரு. ஒரு களவா கொத்திச்சு. இந்தா, இத்தற வலிசு," என்று இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள். "கட்டுமரத்துக்குப் பக்கத்தில வந்தப்போ முள்ளு ஒடிஞ்சுபோச்சு. மனுஷன் ராத்திரி சோறு தின்னல்ல, கேட்டேளா?"

வடிவாம்பாளுக்கு முகம் சுட்டது. அந்தப் பொதியை முழுக்க அவிழ்த்துப் பார்த்தாள். மேலாக இருந்தவை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. உள்ளே முள்ளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தது. குற்றாலலிங்கம் புதுச் சரக்கு வந்தால் பழையதன்மேல் போடுவார். மேலே இருப்பதை எடுத்து விற்பார். அடியில் கிடந்தது வருஷக்கணக்காகக் கடல்காற்றைக் குடித்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறது. இவள் சாக்கை நீக்கி அடியிலிருந்து எடுத்தாள். குற்றம் யாருடையது என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. இதைச் சரியாக்க முடியும், அதுவும் என்னால் முடியும் என்று மட்டும் தோன்றியது.

"தாசம்மா, உங்களுக்கு வீட்டுக்குப் போக அவசரம் உண்டுமா?"

"கூடை காலி. எனக்கென்ன அவசரம்?"

"அப்பம் கொஞ்ச நேரம் இருங்கோ. எந்த மீனுக்கு எந்த முள்ளுன்னு எனக்குச் சொல்லித் தாருங்கோ."

தாசம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "தின்னாத மீனுக்கா?"

"நான் தின்னாட்டா என்ன? முள்ளு விக்கியது நானாக்கும்."

அன்று மத்தியானம் கடை பாதிக் கதவு சாத்தியிருந்தது. வடிவாம்பாள் தரையில் பாயை விரித்து, எல்லா டின்களையும் ஒன்றுவிடாமல் கவிழ்த்தாள். முதலில் கண்டுபிடித்த விஷயம் அவளையே திகைக்க வைத்தது. நம்பர் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போனது. இருபதாம் நம்பர் முள் கொசுக்கால் போல இருந்தது. பூந்துறைக்காரர்கள் யாரும் நம்பர் சொல்லிக் கேட்பதில்லை என்றாள் தாசம்மாள். களவாவுக்கு, நெய்மீனுக்கு, சூரைக்கு, அயிலைக்கு என்றுதான் கேட்பார்கள். மீன் பேரைக் கேட்டு நம்பராக மாற்றிக்கொண்டிருந்தது குற்றாலலிங்கத்தின் மூளைதான்.

"அப்பம் மீனு பேரிலயே வைப்போம்," என்றாள் வடிவாம்பாள்.

நான்கு நாள் வேலை. துருவேறியதைக் குறட்டில் பிடித்து முறுக்கிப் பார்த்தாள். ஒடிந்ததெல்லாம் பழைய இரும்புக்குப் போனது. நல்லதை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, விளக்கெண்ணெய் தடவினாள். கோட்டாற்றில் அவள் அப்பாவுக்கு நாட்டுமருந்துக் கடை. மழைக்காலத்தில் மருந்துப் பரணிக்குள், அதாவது ஜாடிக்குள், நீற்றாத சுண்ணாம்புக் கட்டி ஒன்றைத் துணியில் முடிந்து போட்டுவைப்பார். ஈரமெல்லாம் சுண்ணாம்புக்குப் போய்விடும், மருந்து பொடியாகவே இருக்கும். முள்ளுக்கும் அது பலிக்கும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. மிட்டாய்க் கடைக்காரனிடம் பதினெட்டுக் கண்ணாடிப் பரணி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சுண்ணாம்பு முடிச்சு போட்டு முட்களை நிரப்பினாள். பரணியின் கழுத்தில் உள்ளே இருக்கும் அதே முள் ஒன்றை, கையில் குத்தாமல் முனையில் தக்கைபோன்ற நெட்டித்துண்டு செருகி, கட்டித் தொங்கவிட்டாள். எழுத்து வாசிக்கத் தெரியாதவனும் தூரத்திலிருந்தே விரலை நீட்டிக் கேட்கலாம். புது முள் வந்தால் பழையது தீர்ந்த பிறகே பரணிக்குள் போகும்.

சாக்கில் பூஞ்சைபிடித்துக் கிடந்த நூல்கண்டுகளை வெயிலில் காயவைத்து மூங்கில் கழியில் கோத்து உத்தரத்தில் தூக்கினாள். ஈயக்குண்டு கீழ்ப்பலகைக்கும், மிதவைக்கட்டைகள் கூரையடிப் பரண்மேலும் போயின. இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அவள் எந்தச் சாமான் எங்கே என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அது குற்றாலலிங்கத்துக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஆவணி பிறந்ததும் அவர் கம்பூன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எம் டின்னெல்லாம் எங்க போச்சுளா?"

"அது இனி வேண்டாம்."

"ஆரு கேட்டு இதைச் செய்தா?"

"ஆரு கிட்டயும் கேக்கல்ல. முள்ளு துருவேறி ஒடிஞ்சு வந்துது. நம்ம கடை முள்ளு." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்கோ இருந்து பாருங்கோ. செரிப்படல்லேன்னா நானே பழையபடி ஆக்கித் தாறேன்."

அவர் உட்கார்ந்தார். பழக்கத்தில் கையைப் பின்னால் விட்டார். கை வெறும் சுவரில் தட்டியது. வடிவாம்பாளுக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவள் எதையும் மாற்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கடல் தணிந்துவிட்டது. மழைக்குப் பிறகு முதல்தடவையாகப் பாருக்குப் போகலாம் என்று பூந்துறை முழுக்கப் பேச்சு. எட்டு மணிக்குள் முப்பது பேர் கடைமுன்னால் நின்றார்கள். எல்லாரும் ஒரேயடியாகக் கேட்டார்கள். குற்றாலலிங்கம் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். ஒருவனுக்கு எடுத்துக் கொடுப்பதற்குள் நான்கு பேர் கத்தினார்கள். வடிவாம்பாள் அவர் தோளைத் தொட்டு உட்காரச் சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சத்தம் வேண்டாம். கையைக் காட்டுங்கோ, போதும்."

விரல்கள் நீண்டன. பரணி இறங்கியது, ஏறியது. களவா, நெய்மீன், சூரை. அவள் கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. மணி ஒன்பதுக்குள் கூட்டம் பாதியாகக் குறைந்தது. குற்றாலலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது உயரமான ஒரு ஆள் சுறாமுள் கேட்டான். வடிவாம்பாள் கடைசிப் பரணியிலிருந்து இரண்டை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"நில்லுடே," என்றார் குற்றாலலிங்கம். "அதுல எதைக் கட்டப் போறே? நூலையா?"

"நூலுதான் முதலாளி. கம்பி கிட்டல்ல."

"நூலைச் சுறா ஒரே கடியில அறுத்துப்போடும். இங்க கம்பி உண்டு." அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கம்பிச்சுருளை எங்க வச்சே?"

"மேல பரண்ல, மிதவைக்குப் பின்னால."

"அதான் தப்பு. சுறாமுள்ளும் கம்பியும் பிரியவே கூடாது. ஒண்ணைக் கேக்கியவனுக்கு மத்ததையும் நாம எடுத்துக் குடுக்கணும்."

வடிவாம்பாள் ஒரு கணம் யோசித்தாள். அவர் சொன்னது சரிதான். பரண்மேல் ஏறிச் சுருளை இறக்கி, அந்த ஆளுக்குக் கம்பி வெட்டிக் கொடுத்துவிட்டு, மீதியைக் கொண்டுபோய்ச் சுறாப்பரணியின் பக்கத்திலேயே வைத்தாள்.

"இப்பம் செரியா?"

"செரி." அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்தார். "கொச்சிக்குப் போயி சரக்கு எடுக்கியதை நான் பாத்துக்கிடுதேன், கால் கொஞ்சம் தேறட்டும். கடையில நீயே இரி. எனக்கு இனி இதுல தேடினா ஒண்ணும் கிட்டாது."

"தேடவே வேண்டாம். பாத்தாலே தெரியும்," என்றாள் வடிவாம்பாள். அவர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

பத்து மணிக்குக் காலிக் கூடையோடு தாசம்மாள் வந்தாள். தனியாக வரவில்லை, பின்னால் பக்கத்துக் கரையான விழிஞ்ஞத்துப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். "இந்தக் கடைதான்," என்று அவர்களுக்குக் காட்டினாள். "எழுத்து தெரியண்டாம். கையைக் காட்டினா போதும்."

விழிஞ்ஞத்துக்காரிகள் கணவாய் மீன் பிடிக்கிற முள் கேட்டார்கள். பதினெட்டுப் பரணியில் அது இல்லை. அது எப்படி இருக்கும், எத்தனை கொக்கி இருக்கும் என்று வடிவாம்பாள் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு அட்டையில் அதன் படத்தை வரைந்துகொண்டாள். பிறகு பரணிகள் அடுக்கிய பலகையை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். விரல்நுழையக்கூட இடமில்லை.

"இஞ்ச கேளுங்கோ," என்றாள் கணவரிடம். "நாளைக்கு ஆசாரியை வரச் சொல்லணும். மேல இன்னொரு பலகை வேணும்."